கேப் டவுன் பழைய மாளிகைகளில் அடிமைகளாக இருந்தவர்களைத் தேடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனையும் அதைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களையும் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளைச் சுவர் மாளிகைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டி, சமைத்து, துவைத்து, திராட்சை பிழிந்தவர்கள் யார் என்று கேட்கத் தொடங்கியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். முதலில் வருபவை எளிய கேள்விகள், போகப் போகக் கடினமானவை.

தென்னாப்பிரிக்காத் தமிழர்கள்னா கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்கதானே? அடிமைகள் எங்கே வந்தாங்க?

இரண்டும் வேறு வேறு வரலாறு. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 1860 நவம்பரில் நேட்டால் கரையை அடைந்தது. அவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு, அதில் தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாம் இருக்கும்.

நாம் பேசுவது அதற்கு 200 ஆண்டு முந்தைய கதை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் நன்னம்பிக்கை முனையில் (சுருக்கமாக ‘கேப்’) குடியேறியது. அன்று முதல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்ட 1808 வரை சுமார் 63,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியாவிலிருந்து போனவர்கள். மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள். கம்பெனி பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியது, 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. தஞ்சைச் சீமையில் 1659–61-இல் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டு இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டார்கள். கேப் ஆவணங்களில் வரும் ‘கோரமாண்டல்’, ‘நாகபட்னம்’, ‘பாலியாகட்டா’ (பழவேற்காடு), ‘தூத்துக்கொரின்’ என்ற பெயர்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கடற்கரை.

எந்தெந்த வீடுகளில் தேடினா ஏதாவது கிடைக்கும்?

ஆவணம் அதிகம் உள்ளவை சில. கொன்ஸ்டான்சியாப் பள்ளத்தாக்கில் க்ரூட் கொன்ஸ்டான்சியா (நிலம் 1685-இல் ஆளுநர் சீமோன் ஃபான் டெர் ஸ்டெல்லுக்கு வழங்கப்பட்டது), சாமர்செட் வெஸ்ட் ஊரருகே ஃபெர்கெலேகன், நகருக்குள் ஸ்ட்ராண்ட் தெருவில் கூப்மன்ஸ்-டி-வெட் வீடு. இவற்றோடு 1679-இல் கட்டப்பட்ட ஸ்லேவ் லாட்ஜையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது கம்பெனிக்கே சொந்தமான அடிமைகளை அடைத்துவைத்த கட்டடம், இப்போது அருங்காட்சியகம்.

ஒரு எச்சரிக்கை. க்ரூட் கொன்ஸ்டான்சியா 1925-இல் எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. உள்ளே இருக்கும் மேசை நாற்காலிகள் பிற்காலத்தில் சேகரித்து வைத்தவை. அவற்றைப் பார்த்து ‘இந்த மேசையைத்தான் அவர்கள் துடைத்திருப்பார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அடிமைகளோட பேரே தெரியாது. அப்புறம் எதை வச்சுத் தேடுறது?

அடிமையின் பெயரை வைத்துத் தொடங்கவே கூடாது. வீட்டின் உரிமையாளரை வைத்துத் தொடங்குங்கள். அந்தக் காலச் சட்டத்தில் அடிமை ஒரு சொத்து. ஆகவே ஆவணங்கள் எல்லாம் சொத்துக்காரர் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதலில் வீடு யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில் கை மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணமாக, க்ரூட் கொன்ஸ்டான்சியாவில் 1716-இல் ஊலஃப் பெர்க், 1724-இல் அவர் இறந்த பின் மனைவி அன்னா டி கோனிங், 1778 முதல் ஹெண்ட்ரிக் க்ளூட்டே.

அங்கே டச்சுப் பெண்கள் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார்கள். கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து என்பதால் மனைவி இறந்தாலும் முழு வீட்டுக்கும் பட்டியல் போடுவார்கள். கணவர் பெயரில் மட்டும் தேடுகிறவர்கள் பாதிப் பட்டியலைத் தவறவிடுவது இதனால்தான்.

பிறகு பின்னோக்கிப் போங்கள். 1816-இல் பிரிட்டிஷ் ஆட்சி அடிமைப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் பெயரின் கீழ் ஒவ்வொருவருக்கும் பெயர், பால், வயது, பிறந்த நாடு, செய்யும் வேலை என்று வரி வரியாக இருக்கும். பிறப்பு, இறப்பு, விற்பனை பின்னால் சேர்க்கப்பட்டிருக்கும். சமையல்காரர், சலவைப் பெண், வண்டியோட்டி, தையல்காரர் என்று வீட்டு வேலையின் உருவம் முதன்முதலாகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். அசல் கேப் டவுனில் ரோலண்ட் தெருவில் உள்ள மேற்குக் கேப் ஆவணக் காப்பகத்தில் ‘எஸ்.ஓ.’ தொகுப்பாக உள்ளது. லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தின் ‘டி 71’ தொகுப்பிலும் கேப் பதிவேடுகள் உண்டு. அங்கிருந்து 1700-களுக்கு இறங்குவது, குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்து மேலே ஏறுவதைவிட எளிது.

இறந்தவரின் சொத்துப் பட்டியல்னு சொல்றீங்களே, அதுல என்ன இருக்கும்?

வயதுக்கு வராத பிள்ளைகளோ, வெளியூர் வாரிசுகளோ இருந்தால் அவர்களின் பங்கைக் காக்க ‘வேஸ்காமர்’ என்ற மன்றம் வீட்டுக்கு ஆள் அனுப்பி எல்லாவற்றையும் எழுதவைத்தது. காப்பகத்தில் இதன் குறியீடு ‘எம்.ஓ.ஓ.சி. 8’. 1673 முதல் 1834 வரையிலான பட்டியல்கள் எழுத்துப் பெயர்க்கப்பட்டு இணையத்தில் தேடும் வடிவிலேயே கிடைக்கின்றன. கேப் டவுன் போக முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

எழுதுகிறவர் அறை அறையாகப் போவார்: முன்கூடம், இடப்பக்க அறை, வலப்பக்க அறை, ‘கோம்பைஸ்’ எனும் அடுக்களை, பரண், மது நிலவறை. அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் இந்த அறைகளுக்குள் வராது. மாடு, குதிரை, வண்டிகளை ஒட்டி ‘லைஃபைகனன்’ அல்லது ‘ஸ்லாவன்’ என்ற தலைப்பில் தனியாக வரும். ஆகவே அடுக்களைப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ‘இந்த வீட்டில் அடிமைகள் இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். கடைசிப் பக்கம் வரை போக வேண்டும்.

அடுத்து ‘எம்.ஓ.ஓ.சி. 10’, அதாவது ஏலப் பட்டியல். யார் வாங்கினார், என்ன விலை என்பது அங்கே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வீட்டின் மனிதர்கள் ஒரே நாளில் எத்தனை வீடுகளுக்குச் சிதறினார்கள் என்று தெரியும். விலையில் கவனம்: சில பட்டியல் கில்டரில், சில ரிக்ஸ்டாலரில். கேப்பில் 1 ரிக்ஸ்டாலர் 48 ஸ்டைவர், அதாவது 3 கேப் கில்டர். இதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் விலை மூன்று மடங்கு தவறும்.

உயில் எழுதி வேஸ்காமரை விலக்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தொகுப்பில் பட்டியல் இருக்காது, அப்போது உயில்களையும் (எம்.ஓ.ஓ.சி. 7) விற்பனைப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

பேருக்குப் பின்னாடி ‘ஃபான் மலபார்’னு இருக்கு. அப்போ மலையாளிதானே?

அவசரப்பட வேண்டாம். ‘ஃபான்’ என்றால் ‘இடத்திலிருந்து’. அந்த இடம் பிறந்த ஊர் அல்ல. பெரும்பாலும் வாங்கப்பட்ட அல்லது கப்பல் ஏற்றப்பட்ட துறைமுகம். உள்நாட்டுக் கிராமத்தில் பிறந்து நாகப்பட்டினத்தில் விற்கப்பட்டவர் ‘ஃபான் நாகபட்னம்’ ஆகிவிடுவார்.

‘மலபார்’ என்ற சொல் இன்னும் சிக்கல். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் தமிழையும் ‘மலபார் மொழி’ என்றே அழைத்தார்கள். இலங்கைத் தமிழரை டச்சு ஆவணங்கள் ‘மலபார்கள்’ என்றன. கேப்பில் அந்தப் பட்டம் கொச்சி வழியாகப் போனவர்களுக்கு அதிகம் பொருந்தும். ஆனாலும் மொழி, இனம் இரண்டையும் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘ஃபான் டி குஸ்ட்’, அதாவது ‘கரையிலிருந்து’ என்று வந்தால் பெரும்பாலும் சோழமண்டலக் கரை. ‘ஃபான் டி காப்’ என்றால் கேப்பிலேயே பிறந்தவர்.

பெயரின் முதல் பாதியும் அவர்களுடையதல்ல. வாங்கியவர் வைத்தது: செப்டம்பர், யானுவாரி போன்ற மாதப் பெயர்கள், கூப்பிடோ, ஹன்னிபால், சிப்பியோ போன்ற ரோம கிரேக்கப் புராண வரலாற்றுப் பெயர்கள், ஆபிரகாம், மோசஸ் போன்ற விவிலியப் பெயர்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் மிக அரிதாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே பேர்ல பத்துப் பேர் வர்றாங்க. நாம தேடுறவர் யார்னு எப்படித் தெரியும்?

பெரிய தவறுகள் நடக்கும் இடம் இதுதான். ‘செப்டம்பர் ஃபான் பெங்காலன்’ என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். அதே மனிதர் விற்கப்பட்டவுடன் வேறு பெயர் பெற்றதும் உண்டு.

ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். பெயர் (ஆவணத்தில் உள்ள அதே எழுத்தில்), ‘ஃபான்’ இடம், உரிமையாளர், தேதி, வயது, வேலை, விலை, காப்பகக் குறியீடு. பெயர் தவிர மூன்று அம்சங்களாவது பொருந்தினால்தான் இரண்டு வரிகளை ஒரே ஆள் என்று இணையுங்கள். அதில் உரிமையாளர் கைமாறிய சான்று ஒன்றாக இருப்பது நல்லது. இணைத்த பிறகும் பழைய வரிகளை அழிக்காதீர்கள். நாளைக்கு ஒரு விற்பனைப் பத்திரம் கிடைத்தால் பிரிக்க வேண்டியிருக்கும். கத்தரீனா, கத்ரைன், த்ரைன்ச்சா மூன்றும் ஒரே பெயரின் வடிவங்கள் என்பதுபோன்ற ஒரு சிறு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது ஐந்து பத்து ஆண்டு முன்பின் இருக்கலாம். யாரோ கண்ணால் பார்த்து மதிப்பிட்டது. ‘யோங்கன்’ என்ற சொல் பையன் என்று பொருள்படும். ஆனால் ஐம்பது வயது அடிமையையும் அப்படித்தான் எழுதினார்கள்.

வரிப் பட்டியல்ல 20 பேர், சொத்துப் பட்டியல்ல 31 பேர். எது சரி?

‘ஒப்காஃப்’ எனும் ஆண்டு வரிப் பட்டியலில் உரிமையாளரே வந்து சொல்வதுதான் எழுதப்பட்டது. வரி கட்டுகிறவர் குறைத்துச் சொல்வதில் வியப்பில்லை. தவிர, அதில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது. ஆண், பெண், சிறுவர், சிறுமி என்ற நான்கு எண்களும், அதே வரியில் குதிரை, மாடு, ஆடு, மதுவின் அளவும் மட்டுமே. ஒரு வீட்டின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுவாரியாகப் பார்க்க அது உதவும். தலை எண்ணிக்கைக்குச் சொத்துப் பட்டியலை நம்புங்கள்.

ஒருவருக்கு மூன்று பண்ணை இருந்தால் சொத்துப் பட்டியல் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபெர்கெலேகனில் வேறொரு குழப்பம். ஆளுநர் வில்லெம் ஆட்ரியான் ஃபான் டெர் ஸ்டெல் கம்பெனி அடிமைகளைத் தன் சொந்தத் தோட்டத்தில் வேலை வாங்கினார் என்பது அவர்மீது குடியேறிகள் 1706-இல் எழுப்பிய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அப்படி வேலை செய்தவர்களை அவருடைய தனிப்பட்ட தாள்களில் தேடினால் கிடைக்காது. கம்பெனிக் கணக்குகளில் தேட வேண்டும்.

டச்சு தெரியாது. அந்தக் கையெழுத்தும் சுத்தமா புரியல. விட்டுடலாமா?

வேண்டாம். இந்த ஆவணங்கள் வாய்பாடு போல ஒரே சொற்களைத் திரும்பச் சொல்பவை. நாற்பது ஐம்பது சொல் தெரிந்தால் சொத்துப் பட்டியல் படித்துவிடலாம். ‘ஸ்லாஃப்’ ஆண் அடிமை, ‘ஸ்லாவின்’ பெண் அடிமை, ‘மைட்’ வேலைக்காரி, ‘மண்டோர்’ மேஸ்திரி, ‘ஃப்ரைஸ்வார்ட்’ விடுதலை பெற்றவர். எழுத்துப் பெயர்த்த பட்டியல் ஒன்றை அசல் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பழகுங்கள்.

தேதியில் ஒரு கண்ணி உண்டு: ‘8பெர்’ என்று எழுதியிருந்தால் ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். ‘7பெர்’ செப்டம்பர், ‘9பெர்’ நவம்பர், ‘10பெர்’ டிசம்பர். லத்தீன் எண்ணிக்கை அது.

ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசியக் காப்பகத்தின் கம்பெனி ஆவணங்களில் பல லட்சம் பக்கங்களைக் கணினியே படித்து எழுத்தாக்கியிருக்கிறது. இணையத்தில் சொல் கொடுத்துத் தேடலாம். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிக் கொடுங்கள்: நெகபட்னம், நாகபட்னம், பாலியாகட்டா, பல்லியாகட்டா, தூத்துக்கொரின், தூட்டகொரைன். கணினி தப்பாகப் படித்த எழுத்து ஏராளம். எதையும் மேற்கோள் காட்டுமுன் படத்தைப் பாருங்கள்.

சர்ச் பதிவேட்டுல குழந்தைங்க பேர் இருக்குமே? ஏன் கிடைக்கல?

ஸ்லேவ் லாட்ஜில் பிறந்த கம்பெனிக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களைத் தேடினால் கிடைக்கும். தனியார் வீட்டுக் குழந்தைகள் அரிது. ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கக் கூடாது என்று 1770-இல் பட்டேவியாவிலிருந்து ஆணை வந்தது. விற்கும் உரிமையை இழக்க விரும்பாதவர்கள் குழந்தைகளைச் சர்ச்சுப் பக்கமே விடவில்லை. 1812-இல் ஆணை நீக்கப்பட்டது.

அடிமைகளின் திருமணத்துக்கு 1823 வரை சட்ட ஏற்பு இல்லை. குழந்தையின் நிலை தாயைச் சார்ந்தது என்பதால் ஆவணத்தில் குடும்பம் என்றால் தாயும் பிள்ளைகளும்தான். தகப்பன் பெயரைத் தேடி அலைவதைவிட, ‘அவளுடைய குழந்தை’ என்ற சொல் வரும் ஒவ்வொரு வரியையும் தாயின் பெயரின் கீழ் சேர்த்துக்கொண்டே போங்கள்.

அவங்களே பேசின மாதிரி ஏதாவது ஆவணம் இருக்கா?

இருக்கிறது. நீதிமன்றத் தாள்கள், ‘சி.ஜே.’ தொகுப்பு. அடிமைகள் குற்றவாளிகளாகவும் சாட்சிகளாகவும் சொன்னது அங்கே பக்கம் பக்கமாக உண்டு: எங்கே படுத்தார்கள், யார் சமைத்தார்கள், எதற்கு அடி விழுந்தது, யாருடன் ஓடிப்போனார்கள். 1826-இல் அடிமைகளுக்கென்று ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட்ட பிறகு அவர்கள் கொடுத்த புகார்களும் பதிவாயின.

படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். போர்த்துக்கீசியக் கலப்பு மொழியிலோ மலாயிலோ சொன்னதை எழுத்தர் டச்சில், ‘அவன் சொன்னதாவது’ என்று படர்க்கையில் எழுதினார். சித்திரவதை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட காலம் அது. ஆகவே ஒப்புதல் வாக்குமூலத்தைவிட, போகிற போக்கில் வந்து விழும் வீட்டு விவரம் நம்பத்தக்கது.

பழவேற்காட்டுப் பெண் ஒருத்தியின் வாழ்க்கை இன்று தெரிவதும் ஒரு வழக்கால்தான். ‘க்ரூட்டே கத்ரைன் ஃபான் பாலியாகட்டா’ பட்டேவியாவில் அடிமையாக இருந்தவர். காதலனைக் கொன்றதாக 1656-இல் தண்டிக்கப்பட்டு, கேப்புக்கு நாடு கடத்தப்பட்டு 1657-இல் வந்து சேர்ந்தார். ஒரு சிப்பாய்க்கும் அவருக்கும் பிறந்த கிறிஸ்டோஃபெல் வழியில் வந்ததுதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பம். அந்த வழக்கு நடக்காமல் இருந்திருந்தால் நமக்கு அவர் ஒரு எண்ணாகக்கூட மிஞ்சியிருக்க மாட்டார்.

கைடு ‘வேலையாட்கள்’னு சொன்னார். நாங்களும் அப்படியே எழுதலாமா?

எழுதக் கூடாது. ஒரே வீட்டில் மூன்று வகையினர் இருந்திருக்கலாம். அடிமைகள், ‘க்னெக்ட்’ எனப்பட்ட சம்பளத்துக்கு வந்த ஐரோப்பியர், தங்கள் நிலத்தை இழந்து பண்ணை வேலைக்கு வந்த, அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்கோய் மக்கள். கோய்கோய் மக்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர், ஆகவே சொத்துப் பட்டியலில் வரமாட்டார்கள். 1809 சட்டத்துக்குப் பின் அவர்களுடைய வேலை ஒப்பந்தங்களைத் தேடுங்கள். 1834 டிசம்பர் 1-க்குப் பின் அடிமைகளைத் ‘தொழில் பயிலுநர்’ என்று பெயர் மாற்றி 1838 டிசம்பர் 1 வரை அதே வீட்டில் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். எந்த ஆண்டு, எந்த வகை என்று பார்த்து அந்தச் சொல்லையே போடுங்கள்.

அடிமையோட மகளே அந்த மாளிகைக்குச் சொந்தக்காரியா இருந்தாங்கன்னு படிச்சோம். உண்மையா?

உண்மை. வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆஞ்செலா, கேப்பின் முதல் தலைவர் யான் ஃபான் ரீபெக் வீட்டில் அடிமையாக இருந்தார். பின்னர் வேறொருவருக்கு விற்கப்பட்டு, 1666-இல் விடுதலை பெற்று, 1669-இல் ஓர் ஐரோப்பியரை மணந்தார். அவருடைய மகள்தான் மேலே சொன்ன அன்னா டி கோனிங். கணவர் இறந்த பிறகு 1734-இல் தான் இறக்கும்வரை க்ரூட் கொன்ஸ்டான்சியா அவர் கையில் இருந்தது.

அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். இதை மறைத்துப் பெருமைக் கதையாக எழுதுகிறவர்களும் உண்டு, இதை மட்டும் சொல்லி அவரைத் தூற்றுகிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அவருடைய பட்டியலில் உள்ள அடிமைகளின் பெயர்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

எங்க ஊர் நாகப்பட்டினம். எங்க முன்னோர் யாராவது போயிருப்பாங்களா? டிஎன்ஏ பார்த்தா தெரியுமா?

ஊர்ப் பட்டம் துறைமுகத்தைத்தான் குறிக்கிறது, வீட்டில் வைத்த பெயர் எழுதப்படவில்லை என்று மேலே சொன்னோம். அந்த இரண்டும் இல்லாமல் இங்குள்ள ஒரு குடும்பத்தோடு பெயர் சொல்லி இணைக்க வழியில்லை. கப்பல் பட்டியலும் உதவாது: இந்தியாவிலிருந்து வந்த பலரைக் கம்பெனி அதிகாரிகள் ஊர் திரும்பும் வழியில் தங்கள் சொந்தச் சரக்காகக் கொண்டுவந்து கேப்பில் விற்றார்கள். விற்ற இடத்துப் பத்திரம்தான் முதல் சுவடு. டிஎன்ஏ சோதனை தெற்காசிய வழி உண்டா என்று கேப் குடும்பம் ஒன்றுக்குச் சொல்லலாம். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லாது.

இங்கிருந்து செய்யக்கூடியது வேறு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன. பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை, அவற்றில் 18-ஆம் நூற்றாண்டின் அடிமை விற்பனைப் பத்திரங்களும் அடக்கம். ஒருவர் எந்த நிலையில், யாரால் விற்கப்பட்டார் என்பது கேப் ஆவணங்களைவிட அங்கே விரிவாக வரும்.

பேரே இல்லாத ஒருத்தரைப் பத்தி என்னதான் எழுத முடியும்?

ஃபெர்கெலேகனில் அடிமைகள் தங்கிய கட்டடத்தை 1990-களையொட்டி அகழ்ந்தபோது தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் உடல் புதைக்கப்பட்டிருந்தது. சிறு வயதில் உண்ட உணவின் வேதிச் சுவடு பல்லிலும், பிற்கால உணவின் சுவடு எலும்பிலும் தங்கும். இரண்டையும் ஒப்பிட்டதில் அவர் கேப்பில் வளர்ந்தவர் அல்லர், வெப்பமண்டலப் பகுதியில் வளர்ந்து பின்னால் வந்தவர் என்று தெரிந்தது. அது இந்தியாவா, மடகாஸ்கரா, இந்தோனேசியாவா என்று அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்கு நாமாக ஒரு பெயர் வைக்காதீர்கள். முன்பு உரிமையாளர்கள் செய்ததும் அதுதான். ‘ஃபெர்கெலேகன் அடிமைக் கட்டடத்தின் தரைக்கடியில் புதைக்கப்பட்ட பெண்’ என்றே எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததை ஒரு பத்தியில், ஊகத்தை ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு அடுத்த பத்தியில். ஒவ்வொரு வரிக்கும் காப்பகக் குறியீடோ அகழாய்வு விவரமோ அட்டவணையில் நிற்கட்டும், அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடர முடியும்.